இன்னும் நாலு குறைந்தால் போதும்

"அம்பத்து மூணு" என்று லேப்டாப் திரையைப் படித்துவிட்டு, இழவுச் சேதி கேட்டவர்போல நாற்காலியில் சாய்ந்தார் முத்தமிழ்செல்வன்.

முந்திரிக் கம்பெனியின் ஆண்டிமடம் கிளைக்கு அவர்தான் சூப்பர்வைசர். மத்தியானம் வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் தூரத்தில் வேலை. குறை என்று சொன்னால் அந்த லேப்டாப் ஒன்றுதான். கரண்ட் போனால் இருபது நிமிஷம் தாக்குப்பிடிக்கும், பிறகு அணைந்துவிடும். மூட்டையோடு எடை போட நிற்கிற விவசாயிகள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் லேப்டாப்பின் முகத்தைப் பார்ப்பார்.

முந்தின நாள்தான் உடையார்பாளையம் கிளை சூப்பர்வைசர் இளையபெருமாள் போன் செய்திருந்தார்.

"செல்வா, சேதி தெரியுமா? பேட்டரி ஹெல்த் அம்பதுக்குக் கீழ போன கிளையில எல்லாம் மாத்துறாங்களாம். அரியலூர் ஹெட் ஆபீசுல பேசிக்கிறாங்க. மாசக் கடைசியில ரிப்போர்ட் அனுப்பணும். எனக்கு நாப்பத்தாறு!"

"நீ குடுத்து வெச்சவன்யா" என்றார் செல்வன். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாசக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பேட்டரி கெடாமலிருக்க என்னென்ன செய்யக் கூடாது என்று ஒருவர் வீடியோவில் விளக்கியிருந்தார். செல்வன் அதை இரண்டு முறை பார்த்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதினதை ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார்.

முதலாவது, சார்ஜை அடியோடு இறக்கக் கூடாது. மூன்று நாள் அடியோடு இறக்கி, முழுக்க ஏற்றி, மறுபடி இறக்கினார். நாலாம் நாள் பார்த்தால் ஐம்பத்தெட்டு.

பதறிப்போய் பெரம்பலூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் குருமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"என்ன சார் பண்ணுனீங்க?"

"முழுசா இறக்கி, முழுசா ஏத்துனேன்."

"அருமை சார்! அதுக்குள்ள இருக்குற அளவு தப்பா காட்டிக்கிட்டு இருந்திருக்கு. இப்பத்தான் நெசமான நெலவரம் தெரியுது. கரெக்டா பண்ணியிருக்கீங்க."

"தெரியாம பண்ணிட்டேங்க" என்று போனை வைத்தார்.

அடுத்தது, எந்நேரமும் சார்ஜரைச் சொருகியே வைத்திருக்கக் கூடாது. ஒரு வாரம் சொருகியே வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு அசையவில்லை. எடை போடும் ஜானகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், நீங்க இதையே நெனைச்சு எளைச்சுப் போயிட்டீங்க. அதான் சார்ஜ் எண்பதுக்கு மேல ஏறாம செட்டிங்ல மாத்தி வெச்சிருக்கேன். பேட்டரிக்கு ரொம்ப நல்லதாம்."

திட்ட வாய் வரவில்லை. "நல்லதும்மா" என்றார்.

மறுநாள் லேப்டாப்பை ஜன்னல் வெயிலில் காயவைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது அது ஃபேனுக்கு நேராக, ஒரு துண்டின் மேல் படுத்திருந்தது. அதன் காற்றுத் துவாரங்களில் அடைந்திருந்த தூசியை ஜானகி பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கரண்ட் போனபோது முப்பத்தைந்து நிமிஷம் ஓடியது.

"பொட்டி இப்ப தெம்பா இருக்கு தம்பி" என்றார் மூட்டையோடு நின்ற நல்லுசாமி. செல்வனுக்கு அழுகை வந்தது.

அன்று வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மனைவி சிந்து கவலையோடு கேட்டாள்.

"என்னங்க, அப்படி என்ன வேண்டுதல்?"

"கெட்டுப் போவணும்னு."

"எது?"

"பேட்டரி."

சிந்து கற்பூரத்தை அணைத்துவிட்டுப் போனாள்.

மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஜானகி தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டாள். செல்வன் இதற்காகவே காத்திருந்தார். பக்கத்து ஷெட்டில் முந்திரிப்பருப்பு காயவைக்கும் சூட்டறை ஒன்று உண்டு. செட்டிங்கைப் பழையபடி மாற்றி, சார்ஜரைச் சொருகி, பருப்புத் தட்டுகளுக்கு நடுவில் லேப்டாப்பை வைத்தார். ஐந்து நாள் பருப்பும் காய்ந்தது, லேப்டாப்பும் காய்ந்தது.

ஆறாம் நாள் நாற்பத்தொன்பது!

ரிப்போர்ட்டை ஹெட் ஆபீசுக்கு அனுப்பினார். தெருமுனைக் கடையில் அல்வா வாங்கி வந்து, வந்திருந்த விவசாயிகளுக்கெல்லாம் கொடுத்தார். எதற்கென்று கேட்காமல் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அரியலூரிலிருந்து கம்பெனி ஜீப் வந்து நின்றது. செல்வன் மேஜையைத் துடைத்து, நடுவில் இடம் ஒதுக்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். டிரைவர் ராஜா வெறுங்கையோடு இறங்கினான். அவனுக்குப் பின்னால் சூட்கேசோடு ஓர் இளைஞர் இறங்கி வணக்கம் வைத்தார்.

"லேப்டாப் எங்கப்பா?"

"லேப்டாப்பா? பேட்டரியக்கூட ஒழுங்கா பாத்துக்கத் தெரியாத சூப்பர்வைசருங்களத்தான் சார் மாத்துறாங்க" என்றான் ராஜா. "ஏறுங்க, இளையபெருமாள் சார் ஏற்கனவே உள்ளதான் உக்காந்திருக்காரு."