குன்னூர் கடைவீதி ஸ்வெட்டரைக் கழற்றிய காலை

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். மார்கழியாக இருந்தாலும் சரி, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தாலும் சரி, கழற்றத்தான் வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அவர்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியாது. வருஷம் முழுக்க ஸ்வெட்டருக்குள்ளேயே வாழ்கிறவர்கள் நாங்கள். தீபாவளிக்கு ஆசை ஆசையாக எடுத்த சேலையில் கீழ்க்கரையைத் தவிர வேறெதுவும் ஊர்க் கண்ணில் பட்டிருக்காது. அளவு கொடுத்துத் தைத்த சட்டையில் காலர் மட்டும்தான் வெளியுலகத்தைப் பார்த்திருக்கும். இதற்கெல்லாம் போட்டோ ஒன்றுதான் விமோசனம். அதனால் குன்னூரில் எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் மதுரை வெயிலில் எடுத்த மாதிரிதான் இருக்கும். (உற்றுப் பார்த்தால், எல்லோரும் கையைக் கட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரியும்.)

பிறந்ததிலிருந்து தெரிந்த இந்த வழக்கம் ஒரே ஒரு நாள் எனக்கு மறந்துபோனது. அதன் பலனை இன்றுவரை இரண்டு கையாலும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தேயிலைத் தரகர் ஒருவரின் ஆபீசில் குமாஸ்தா வேலை. மனைவி கலாமணி கோயமுத்தூர்க்காரி. அவளுடைய அப்பா அங்கே சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். சீர்ப் பாத்திரங்களோடு ஒரு பழைய பிலிம் கேமராவும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் அம்மா சாமி அலமாரியில் வைத்துப் பொட்டும் வைத்துவிட்டார். கலாமணி மறுநாளே பொட்டைத் துடைத்துவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

அவள் தெருவில் படமெடுப்பதைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன், வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். நம்மைப்போல அவள் நடப்பதில்லை. காய் வாங்க வந்தவள் மாதிரி ஓரமாக நடப்பாள். எங்கேயாவது ஒரு சுவரில் வெயில் விழுந்திருந்தால் அதன் எதிரில் நின்றுவிடுவாள். அங்கே ஒன்றுமே இருக்காது. "வா, போலாம்" என்று நான் நச்சரிப்பேன். "சித்த நேரம் இருங்க, யாராச்சும் வருவாங்க" என்பாள். சொன்னபடியே குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெரியவர் அந்த வெயிலுக்குள் வருவார். க்ளிக். பெரியவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கிற எனக்கும் தெரியாது. பிரிண்ட் வந்த பிறகு பார்த்தால், நான் தினமும் ஆபீசுக்குப் போகிற அதே தெரு, அதே சுவர். இவ்வளவு காலம் நான் எதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன் என்று எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது.

கோயமுத்தூரில் போட்டோ ஆர்வலர்கள் சேர்ந்து வருடா வருடம் ஒரு கண்காட்சி நடத்துவார்கள். கலாமணி கல்யாணத்துக்கு முன்பு இரண்டு தடவை படம் அனுப்பி, இரண்டு தடவையும் திரும்பி வந்திருந்தது. 'ஆட்கள் சிலை மாதிரி நிற்கிறார்கள், தெருவில் உயிர் இல்லை' என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வருடம் அவர்கள் கொடுத்த தலைப்பு 'குளிர்'.

"இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா கேமராவப் பீரோவுல வெச்சுப் பூட்டீருவேனுங்க" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிலிம் ரோல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைவீதியில் எடுத்து, மத்தியான பஸ்ஸில் அப்பாவுக்கு அனுப்பினால்தான் அவர் கழுவி, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் புதுமாப்பிள்ளை. அதுவும் உள்ளூர்க்காரன். "கடைவீதில எனக்குத் தெரியாத ஆளே கெடையாது" என்று அவளிடம் பீற்றிக்கொண்டவன். அவளுக்குத் தெரியாமல் சனிக்கிழமை சாயங்காலம் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

"நாளைக்கு என்ற ஊட்டுக்காரி போட்டோ புடிக்க வர்றாங்க. ஆரும் கேமராவப் பாக்கப்படாது. அவங்கவங்க வேலயப் பாத்துட்டே இருக்கோணும். செலையாட்ட நிக்கப்படாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். காய்க்கடைப் பழனியம்மாள் மட்டும், "பாக்கவே பாக்கமாட்டனுங் தம்பி, நீங்க கவலப்படாதீங்க" என்று எனக்கு ஒரு காரட்டும் கொடுத்து அனுப்பினார். அதைக் கடித்துக்கொண்டே, உலகத்திலேயே சிறந்த புருஷன் நான்தான் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் நல்ல பனிமூட்டம். கடைவீதிப் படிகளில் இறங்கும்போதே கலாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னிக்குக் குளுரு தெருவுலயே நடந்து போகுதுங்க" என்றாள். தெரு முக்கைத் தாண்டினோம்.

தெருவில் ஸ்வெட்டர் என்ற ஒன்றே இல்லை. மப்ளர் இல்லை. குல்லா இல்லை. பழனியம்மாள் மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, ஒரே காரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடை ரங்கண்ணன் அரைக்கைச் சட்டை போட்டு டீ ஆற்றினார். கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி டீ கிளாசுக்கும் மீதி பாதி பெஞ்சுக்கும் போனது. மூட்டை தூக்குகிற மாரப்பன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முதுகில் உருளைக்கிழங்கு மூட்டையோடு, நடக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. என்னிடம் கொடுத்த வாக்கை மட்டும் அத்தனை பேரும் காப்பாற்றினார்கள். ஒருத்தர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

கலாமணி கேமராவை இறக்கினாள். எங்கள் கல்யாணம் கோயமுத்தூரில் நடந்ததால் மலைக்காரர்களின் வழக்கம் அவளுக்குத் தெரியாது.

"ஏனுங்க, இந்த வீதில ஆருக்காச்சும் கல்யாணமா?"

"இல்ல... நேத்து வந்து நாந்தான் சொல்லி வெச்சேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கேமராவின் தோல் மூடியை எடுத்து மெதுவாக மாட்ட ஆரம்பித்தாள். அந்த மூடி பீரோக் கதவு மாதிரி என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஓடினேன். தெருவில் அவிழ்த்த ஸ்வெட்டர் எல்லாம் ரங்கண்ணன் கடையின் உள்பெஞ்சில் குவிந்து கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டேன். கையில் அடங்காத மப்ளர்களைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். குல்லாக்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையில் மாட்டினேன். மூக்குக் கண்ணாடி வரைக்கும் கம்பளி. (அத்தனை பேர் வீட்டுத் தைல வாசனையும் ஒரே மூச்சில் வந்தது.) அந்தக் கோலத்தில் தெருவுக்கு வந்து கெஞ்சினேன்.

"பழனியம்மாக்கா, உங்க காலுல உழுகறேன், ஸ்வெட்டரப் போடுங்க."

"மாட்டனுங் தம்பி. இந்தச் சேலைய எடுத்ததுலருந்து என்ற ஊட்டுக்காரரே முழுசாப் பாத்ததில்ல."

"மாரப்பண்ணா, நீங்களாச்சும் இதப் போடுங்க."

"போடறனுங்க. ஆனா அது என்றதில்லீங்க, ரங்கண்ணனோடது."

"ஏனப்பா, பச்சைல வெள்ளக்கோடு போட்டது என்றதா? எம்பட ஊட்டுல பின்னுனது காப்பிப்பொடிக் கலரு" என்று ரங்கண்ணன் டீயை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

அவ்வளவுதான். யாருடையது எது என்று தெரு முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் என் கழுத்து மப்ளரை இந்தப் பக்கம் இழுக்க, இன்னொருவர் அந்தப் பக்கம் இழுத்தார். பழனியம்மாள் காரட்டை எறிந்துவிட்டு வந்து, என் தலைக் குல்லாவை உருவப் போய், அதற்கடியில் இன்னொன்று, அதற்கடியில் இன்னொன்று என்று வரவும், அடக்கமாட்டாமல் சிரிக்க ஆரம்பித்தார். பட்டுச்சேலை, பூ எல்லாம் குலுங்கின. மாரப்பன் மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு கையை ஸ்வெட்டருக்குள் விட்டு மறு கைக்கு வழி தெரியாமல் சுற்றினார். எல்லோர் வாயிலிருந்தும் ஆவி பறந்தது. நான் நடுவில் நின்று, "என்னை விட்டுருங்க, என்னை விட்டுருங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். கேமரா என்று ஒன்று இருப்பதே அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

சத்தம் ஓய்ந்து கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது, கலாமணி காய்க்கடை ஓரத்தில் குத்தவைத்து ரோலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுரு கலா. கெடுத்துப்போட்டேன். ஒண்ணாச்சும் எடுத்தியா?"

"ரோலே முடிஞ்சுபோச்சுங்க" என்றாள். கோபத்தில் வீணாக்கிவிட்டாளோ என்று நினைத்து அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ரோலில் இருந்த ஒரு படம் கண்காட்சியில் மாட்டப்பட்டது. நானும் போய்ப் பார்த்தேன். மூட்டத்துக்குள் ஒரு கூட்டம், பறக்கிற ஆவி, வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பட்டுச்சேலை, அரை ஸ்வெட்டரோடு ஒரு ஆள், நடுவில் இரண்டு கால் முளைத்த கம்பளிக் குவியல். நான் படாத பாடு பட்ட அந்த நிமிஷம் இவ்வளவு அழகாக இருந்ததா என்று நின்றுவிட்டேன். குளிரும் தெரிந்தது, அந்தக் குளிருக்குள் மனுஷர்களின் சூடும் தெரிந்தது. இது என் மனைவி எடுத்தது என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னேன். மாமனார் மட்டும் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையும் கூடத்தான் இருந்தாருன்னியே, எங்க கண்ணு?" என்று மகளிடம் கேட்டார். அவள் கம்பளிக் குவியலைக் காட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, போட்டோக்காரர் வந்து நின்றதும், கேட்காமலேயே எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவார்கள். "அவருக்குப் பழக்கமுங்க" என்று வேறு சொல்வார்கள். கேமரா பீரோவுக்குள் போகவே இல்லை.

போன தை மாதம் குன்னூரிலேயே என் மகளுக்குக் கல்யாணம். குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடை ஏறினார்கள். பெண்ணின் அப்பா என்ற மரியாதைக்காவது விடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. சம்பந்தி வீட்டாரின் சால்வைகள் முதற்கொண்டு என் கைக்கு வந்தன. அந்தப் படத்தில் பெண்ணைப் பெற்ற இருவருமே இல்லை. அப்பா அம்மா எங்கே என்று கேட்கிறவர்களுக்கு என் மகள் ஆல்பத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறாள். அங்கே மேடைக்குக் கீழே நான், கண்ணாடி வரைக்கும் கம்பளியோடு, சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரில் நின்று அதை எடுத்தது கலாமணி.