பத்து மதிப்பெண் கோவேறு கழுதை

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. காட்டுக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்கக் கூடாது. பக்கத்துக் காட்டில் இரண்டு இருந்தன. நாங்கள் மட்டும் என்ன இளப்பமா என்று இந்தக் காட்டு விலங்குகள் ஊர்வலம் போய், கோஷம் போட்டு, ஒன்றை வாங்கிவிட்டன.

அந்தக் காட்டில் பொதியப்பன் என்றொரு கோவேறு கழுதை வாழ்ந்துவந்தான். அம்மா குதிரை, அப்பா கழுதை. பன்னிரண்டு வருஷமாக அடிவாரத்திலிருந்து மேல்சோலைக்கு உப்பு மூட்டை சுமப்பதுதான் அவன் பிழைப்பு. மேல்சோலை மான்களுக்கு நக்க உப்பு வேண்டும். ஆனால் கீழே இறங்கி வந்து நக்கினால் மான்களின் கௌரவம் என்ன ஆவது? அதனால் உப்பு மேலே போனது, தினம் இரண்டு நடை. இரண்டாம் நடை முடிந்து மூட்டையை இறக்கும்போது பொதியப்பனின் முழங்கால்கள் தாமாகவே ஆடிக்கொண்டிருக்கும். இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்று அவனுக்கே சந்தேகம்தான்.

அப்போதுதான் ஆலமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'பொதிக் கண்காணிப்பாளர் தேவை. பணி: நிழலில் உட்கார்ந்து, சுமப்பவர்களைச் சீக்கிரம் போகச் சொல்லுதல். தகுதி: செல்லியலும் மரபியலும், அறிமுகப் பாடத்தில் தேர்ச்சி.'

சீக்கிரம் போ என்று சொல்வதற்குச் செல்லியல் எதற்கு? அதையும் யாரும் கேட்கவில்லை. பொதியப்பன் மறுநாளே கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நின்றான்.

அலுவலகத்தில் ஊசிமணி என்ற முள்ளம்பன்றி எழுத்தராக இருந்தார். விண்ணப்பங்களைக் கோர்க்க அவருக்குக் குண்டூசி தேவைப்படாது. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்திவிடுவார். பதினெட்டு வருஷ சேவையில் முதுகு பாதி வழுக்கையாகியிருந்தது.

"இனம்?" என்றார்.

"கோவேறு கழுதைங்க."

"குதிரைன்னு ஒரு கட்டம் இருக்கு. கழுதைன்னு ஒரு கட்டம் இருக்கு. கோவேறுன்னு எதுவும் இல்லையே."

"அம்மா குதிரைங்க, அப்பா கழுதைங்க. ரெண்டுலயும் டிக் போட்டுரட்டுமா?"

"போட்டா இதுல ஓட்டை போடுற மரங்கொத்தி குழம்பிடும். போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் ரெண்டு டிக் போட்டான். மரங்கொத்தி என் மேசையையே கொத்திட்டுப் போயிடுச்சு." ஊசிமணி பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். "உங்க அப்பா அம்மா கல்யாணம் பண்றதுக்கு முன்னாடி ஃபாரத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

கடைசியில் 'இனம்: பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதி, முள் குத்தி, உள்ளே அனுப்பிவிட்டார்.

பாடம் எடுத்தவர் பேராசிரியர் தொங்கநாயகி. வௌவால். உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியபடிதான் எடுப்பார். கரும்பலகையில் அவர் வரைகிற படமும் தலைகீழாகத்தான் இருக்கும். முதல் வாரம் மாணவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்து வரைந்தார்கள். இரண்டாம் வாரத்தில், செல் உருண்டையாகத்தானே இருக்கிறது, எப்படிப் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

பொதியப்பனுக்குப் பாடம் பிடித்துப்போனது. அது அவனே எதிர்பாராத விஷயம். செல்லுக்குள்ளே ஒரு ஊரே இருக்கிறது, அதில் சுவர் இருக்கிறது, வாசல் இருக்கிறது, நடுவில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற உட்கரு இருக்கிறது என்று மேடம் சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டான். ஒரு நாள் மேடம், "செல்லுக்குள்ள மோட்டார் புரதம்னு ஒண்ணு உண்டு. தன்னைவிடப் பெரிய மூட்டையைத் தலையில தூக்கிக்கிட்டு, கயிறு மாதிரி இருக்கிற பாதையில அடிமேல அடி வெச்சுப் போகும்" என்றார்.

பொதியப்பன் எழுந்து நின்றுவிட்டான். "மேடம், உள்ளேயும் ஒருத்தன் பொதி சுமக்கிறானா?"

"ஒருத்தன் இல்லப்பா, லட்சக்கணக்குல இருக்காங்க."

"அவங்களுக்கு லீவு உண்டா மேடம்?"

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "இல்லை" என்றார். அன்று மலை ஏறும்போது பொதியப்பன் தன் உடம்புக்குள் இருக்கிற லட்சம் பேரை நினைத்துக்கொண்டு கொஞ்சம் மெதுவாக நடந்தான்.

செய்முறை வகுப்பு வந்தது. அவரவர் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்து, தன் குரோமோசோம்களை எண்ணி, ஜோடி ஜோடியாக ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். பொதியப்பனுக்குப் பக்கத்து இருக்கை பஞ்சவர்ணம் என்ற முயல். வகுப்பிலேயே வேகமானவள். கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, அப்புறம் கேள்வி என்ன என்று கேட்பவள். அவள் பத்து நிமிஷத்தில் நாற்பத்து நான்கு என்று எழுதி முடித்துவிட்டாள்.

பொதியப்பனுக்கு அறுபத்து மூன்று வந்தது.

மறுபடி எண்ணினான். அறுபத்து மூன்று. குளம்பால் நுண்ணோக்கியைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் முறையும் அறுபத்து மூன்றுதான். ஜோடி சேர்த்து வரைந்தால் ஒன்று தனியாக நின்றது.

"ஒண்ணைச் சேர்த்து வரைஞ்சுடுங்கண்ணே" என்று பஞ்சவர்ணம் காதருகே கிசுகிசுத்தாள். "எனக்கு நாற்பத்தஞ்சு வந்துச்சு. ஒண்ணு தூசின்னு நெனச்சு அழிச்சுட்டேன். ரெக்கார்டு அழகா இருந்தாப் போதும்."

"இல்லாததை எப்படிம்மா வரையறது?"

"எல்லாரும் அதானே பண்றாங்க!"

பொதியப்பன் வரையவில்லை. மேடம் உத்தரத்திலிருந்து இறங்கி வந்து அவன் நுண்ணோக்கியில் கண் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. இறக்கையைத் தட்டினார்.

"அடடா! பொதியப்பா, நீ பாடத்துல இருக்கே! இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம், கடைசிப் பத்தி!"

வகுப்பே புரட்டியது. மேடம் உரக்கப் படித்தார். குதிரைக்கு அறுபத்து நான்கு, கழுதைக்கு அறுபத்து இரண்டு. அம்மாவிடமிருந்து முப்பத்து இரண்டு, அப்பாவிடமிருந்து முப்பத்தொன்று. இனப்பெருக்கச் செல் உண்டாகும் நேரத்தில் குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். சரியாகச் சேர முடியாததால், கோவேறு கழுதைக்குக் குட்டி பிறப்பதில்லை.

கடைசி வரியைப் படிக்கும்போதே மேடத்தின் குரல் இறங்கியது. ஆனால் படித்தது படித்ததுதான். வகுப்பில் இருந்த மற்ற நாற்பது பேரும் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார்கள். முக்கியமான கேள்வி என்று பஞ்சவர்ணம் ஓரத்தில் நட்சத்திரமும் போட்டாள்.

பொதியப்பன் கோடு போடவில்லை. நாலைந்து வருஷமாகவே உள்ளுக்குள் சந்தேகம்தான் அவனுக்கு. என்றாலும் சந்தேகம் வேறு, அச்சடித்த பக்கத்தில் எண்ணோடு பார்ப்பது வேறு. கல்யாணப் பந்தியில் எதிர் இலை காலியாக இருக்க, தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் அந்த ஒற்றைக் குரோமோசோம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேடத்திடம் போய், "அப்ப என் மேல தப்பு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டான்.

"கணக்குத்தான் இடிக்குது. உன் மேல என்னப்பா தப்பு" என்றார் மேடம்.

அந்த ஒரு வார்த்தைக்காகவாவது கல்லூரியில் சேர்ந்தது நல்லது என்று அவனுக்குத் தோன்றியது.

ஆண்டுத் தேர்வு வந்தது. கேள்வித்தாளைத் திறந்ததும் எல்லாரும் பொதியப்பனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஏழாம் கேள்வி: 'கோவேறு கழுதைக்கு ஏன் குட்டி பிறப்பதில்லை? விளக்குக. (10 மதிப்பெண்)'

தேர்ச்சிக்கு வேண்டியது அந்தப் பத்துதான். பொதியப்பன் நிதானமாக எழுத ஆரம்பித்தான். அறுபத்து நான்கு, அறுபத்து இரண்டு, முப்பத்து இரண்டு, முப்பத்தொன்று, ஜோடி சேராமை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினான். படம் வரைந்து பாகம் குறித்தான். எழுதி முடித்தும் நேரம் இருந்தது. அறிவியலுக்கு ஆதாரம் முக்கியம் என்று மேடம் சொல்லியிருந்ததால் கூடுதல் தாள் வாங்கினான்.

'மேற்கண்டது முற்றிலும் உண்மை. ஏனென்றால் அந்தக் கோவேறு கழுதை நான்தான். மூன்று வருஷத்துக்கு முன் பாறைச்சுனையில் செம்பட்டை என்ற குதிரை என்னைப் பார்த்து நின்றாள். நானும் நின்றேன். அப்போது என் முதுகில் இரண்டு மூட்டை உப்பு. மேல்சோலையில் இறக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. ஆகவே குட்டி பிறக்காததற்குக் குரோமோசோம் ஒரு காரணம், மான்கள் இன்னொரு காரணம்' என்று எழுதி, அடிக்கோடிட்டுக் கட்டிக் கொடுத்தான்.

முடிவு வந்தது. பஞ்சவர்ணம் முதல் வகுப்பு. பொதியப்பன் பெயருக்கு நேரே 'முறைகேடு, நிறுத்திவைப்பு' என்று இருந்தது.

தேர்வாணையர் தவமணி என்ற கொக்கு. விசாரணை முழுக்க ஒற்றைக்காலில் நின்றார். பக்கத்தில் ஊசிமணி கோப்போடு நின்றார். மேடம் சன்னல் கம்பியில் தொங்கினார்.

"விடைத்தாள்ல தேர்வர் தன்னை அடையாளம் காட்டக் கூடாது. விதி பதினாலு. பேர் எழுதுறது, ஊர் எழுதுறது, பிள்ளையார் சுழி போடுறது, எல்லாமே குற்றம். நீ என்னடான்னா 'அது நான்தான்'னு எழுதி அடிக்கோடும் போட்டிருக்கே."

"கேள்வியே என்னைப் பத்திங்க ஐயா."

"இருக்கட்டுமே. 'அது'ன்னு எழுதியிருக்கணும். 'அதற்குக் குட்டி பிறப்பதில்லை.' மத்தவங்க அப்படித்தானே எழுதியிருக்காங்க?"

பொதியப்பனின் காது இரண்டும் விறைத்தன. "என்னை நானே அதுன்னு எழுதணுமா?"

"பத்து மார்க்குக்கு எழுதலாமேப்பா" என்றார் ஊசிமணி, உண்மையான அக்கறையோடு.

"விடை சரியா தப்பா, அதைச் சொல்லுங்க ஐயா."

தவமணி காலை மாற்றிக்கொண்டார். "இந்தப் பத்து வருஷத்துல நான் படிச்ச விடையிலயே இதுதான் சரியானது. அதனாலதான் மாட்டிக்கிட்டே. மூணு வருஷம் தேர்வு எழுதத் தடை."

பொதியப்பன் தலையைத் தொங்கப் போட்டான். மூன்று வருஷம் என்றால் மூன்று மழைக்காலம். காலடியில் மலைப்பாதை இப்போதே நீண்டுகொண்டு போவதுபோல் இருந்தது. அப்போது சன்னல் கம்பியிலிருந்து மேடத்தின் குரல் கேட்டது.

"ஐயா, தேர்வு எழுதத்தானே தடை? தேர்வுல கேள்வியா வர்றதுக்குத் தடை இல்லையே?"

தவமணி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அப்படி ஒண்ணும் விதி இல்லை" என்றார்.

"எங்க துறையில, பாடம் எடுக்கும்போது நிறுத்திக் காட்டுற காட்சி மாதிரிக்கு ஒரு இடம் ரொம்ப நாளா காலியா கிடக்கு. தவளை பாட்டில்ல இருக்கு. அதுக்கு நடக்கத் தெரியாது. பொதியப்பனைப் போட்டுக்கலாமா?"

காட்சி மாதிரிப் பதவிக்கு என்ன தகுதி என்று தவமணி கேட்டார். ஊசிமணி கோப்பைப் பார்த்து, "தகுதி எதுவும் கூடாதுன்னு போட்டிருக்குங்க" என்றார். அன்று மாலையே முள் குத்தி உத்தரவு வந்துவிட்டது. கூரைக்குக் கீழே மேடை. காலை ஊறவைத்த கொள்ளு, மாலை அறுகம்புல். ஒரே நிபந்தனை, பணி நேரத்தில் மாதிரி வாயைத் திறக்கக் கூடாது.

பஞ்சவர்ணத்துக்குப் பொதிக் கண்காணிப்பாளர் பதவி கிடைத்தது. நிழலில் உட்கார்ந்து சீக்கிரம், சீக்கிரம் என்று சொன்னாள். யாரும் போகவில்லை. பொதியப்பன் போன பிறகு சுமக்க ஆள் யாரும் இல்லை என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தாள். நான்காம் நாள் மேல்சோலையிலிருந்து மான்களின் புகார்க் கடிதம் வந்தது. ஐந்தாம் நாள் அவள் மூச்சிரைக்கக் கல்லூரிக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு நடைண்ணே! மான்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதுங்க!"

பொதியப்பன் மேடையில் நின்றான். பணி நேரம். வாயைத் திறக்கக் கூடாது. அவளை அவன் பார்த்த பார்வையில் இரக்கம் நிறைய இருந்தது. கொள்ளும் நிறைய இருந்தது, வாயில்.

"மாதிரிகளை வெளியே கொண்டு போகக் கூடாதும்மா" என்றார் உத்தரத்திலிருந்து மேடம். பிறகு வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் இதோட காதைக் கவனிங்க" என்று குச்சியை நீட்டினார்.

'இதோட' என்றது பொதியப்பன் காதில் நன்றாகவே விழுந்தது. அவன் கொஞ்ச நேரம் மெல்லாமல் நின்றான். அப்புறம் மெல்ல ஆரம்பித்தான்.

பஞ்சவர்ணம் அடிவாரத்துக்குத் திரும்பி, ஒரு மூட்டையை அவிழ்த்து, இரண்டு கையிலும் உப்பை அள்ளிக்கொண்டு மேல்சோலைக்கு ஏறத் தொடங்கினாள். போய்க்கொண்டே இருக்கிறாள்.

நீதி: பாடத்தில் தேற முடியாதவர் பாடமாகவே ஆகிவிடுவது உத்தமம். பாடத்துக்கு அரியர் கிடையாது.