ஒரு மன்னிப்பும் பன்னிரண்டு குற்றங்களும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்; செய்வதைச் செய்துவிட்டுப் போனவருக்கு என்ன குறை?

"பழைய கம்ப்யூட்டர் மாமா, லினக்ஸ் போட்டா பறக்கும்" என்று போன மாதம் வந்து போட்டீர்களே, பறந்தது என் மானம்தான். முப்பது வருடம் அலுவலகத்தில் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி என்று காலம் தள்ளியவன் நான். என் மகள் தன் லேப்டாப்பில் அதற்கே வேறு பட்டன் என்றாள். சரி, அவள் வீட்டு வழக்கம் என்று பொறுத்துக்கொண்டேன். உங்கள் சிஸ்டத்திலோ எழுத்தின் மேல் மௌஸை இழுத்தாலே காப்பி ஆகிவிடுமாம், மௌஸ் சக்கரத்தை அழுத்தினால் போய் ஒட்டிக்கொள்ளுமாம். யாரைக் கேட்டு இப்படி வைத்தார்கள்?

உங்கள் கல்யாண போட்டோவில் தன்னை ஓரத்தில் நிறுத்தியதிலிருந்து என் அண்ணன் ஏழு வருடமாக என்னுடன் பேசுவதில்லை. இருவருக்கும் வயதாகிறது, மனசு கேட்கவில்லை, மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சுலபத்தில் வருமா? முதலில் ஆத்திரம் தீர அவர் செய்த பன்னிரண்டு குற்றங்களை நம்பர் போட்டு எழுதினேன். அதன்பிறகுதான் மன்னிப்பு வந்தது. அதை மட்டும் முறையாகக் கண்ட்ரோல் சி கொடுத்தேன். பட்டியல் நன்றாக வந்திருந்ததால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மௌஸை இழுத்து ஒருமுறை ரசித்துப் படித்தேன். பிறகு மெயிலில் கண்ட்ரோல் வி, மன்னிப்பு வந்தது. சக்கரத்தைச் சுற்றும்போது விரல் கொஞ்சம் அழுந்திவிட்டது போலிருக்கிறது. கண்ணில் நீர், ஒன்றும் தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

இப்போது அண்ணன் கையில் இருப்பது இப்படிப் போகிறது: "உங்களைப்போல் ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பார்?" உடனே பன்னிரண்டு குற்றங்கள், ஏழாவதாக, என் குடையை வாங்கிப்போய்க் கைப்பிடியை மட்டும் திருப்பிக் கொடுத்தது உட்பட. கடைசியில், "இதையெல்லாம் செய்த பாவியை மன்னித்துவிடுங்கள்."

உங்களுக்குப் போன் செய்தால், "அதுல ரெண்டு கிளிப்போர்டு மாமா. காப்பி குடுத்தா ஒண்ணுல போகும், செலக்ட் பண்ணாலே இன்னொண்ணுல போகும். வசதிதானே?" என்கிறீர்கள். யாருக்கு ஐயா வசதி? நாலு நாளாக அண்ணனிடமிருந்து மூச்சு இல்லை. உங்கள் அத்தையும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் சனியனை நம்பாமல்தான் இதைப் பேனாவால் எழுதுகிறேன். உடனே கிளம்பி வந்து பழையதை வையுங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, சிஸ்டம் மாறிய பிறகு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அண்ணன் போன். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு: "டேய், ஏழாவது தப்பு. குடைய ஒடச்சது நீ. நான் கைப்பிடியவாவது கொண்டாந்து குடுத்தேன்." சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். மீதிப் பதினொன்றையும் நேரில் பேசித் தீர்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சிஸ்டத்தில் கை வைக்காதீர்கள். கேமரா மட்டும் கொண்டுவாருங்கள். இந்தத் தடவை அவர் நடுவில் நிற்பார்.