முதல் பத்துக்குள் பெரியவளைச் சேர்ப்பது குறித்து

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, அச்சகம் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்கள், தங்கச்சி, பெரியவள், சின்னவன், உங்கள் முதுகுவலி ஆகிய எல்லோருடைய நிலவரமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு இரண்டு கல்லூரியில் இடம் வந்திருப்பதும், வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும் என்பதும், நான் அனுப்பிய தரவரிசைப் புத்தகத்தில் ‘முதல் பத்து’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக உள்ள கல்லூரிதான் என்று நீங்களும், ‘கவனம் தேவைப்படும் பத்து’ என்ற கடைசிப் பட்டியலில் ஆறாவதாகக் கிடக்கும் கல்லூரிதான் என்று அவளும் நான்கு நாளாகப் பேசாமல் ஒரே மேஜையில் சாப்பிடுவதும், தங்கச்சி நடுவில் உட்கார்ந்து தண்ணீர் ஜக்கை இரண்டு பக்கமும் கடத்துவதும் தெரிந்து மனம் கலங்கினேன். தீர்ப்பை நானே எழுத்தில் தர வேண்டும், பெரியவளிடம் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள்.

அந்தப் புத்தகத்தை ஆராய்ந்து எழுதியவர்கள் பெரிய பெரிய படிப்பாளிகள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எழுதியது வெறும் காகிதம். அதைப் புத்தகமாக்கியது எங்கள் பைண்டிங் பிரிவு, அதாவது நான். அச்சான தாள்களை மேஜை மேல் வரிசையாக அடுக்கி, ஒருவர் சுற்றி வந்து அடுக்குக்கு ஒரு தாள் எடுத்தால் ஒரு புத்தகம் ஆயிற்று. தலைப்புக்குத் தனித் தாள், பட்டியலுக்குத் தனித் தாள். அப்போதுதான் கல்லூரிக்கு மரியாதை. கடைக்குப் போன இருபதாயிரம் பிரதியையும் வேலைக்கு வரும் பெண்கள் சேர்த்தார்கள். நம் உறவுக்காரர்களுக்கு என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிய நாற்பது பிரதியை மட்டும் யாரையும் தொட விடாமல் தனி மேஜை போட்டு நானே அடுக்கி நானே சேர்த்தேன். அன்றைக்கு நான் ஒரு பேராசிரியருக்கே கணக்கில் தப்புக் கண்டுபிடித்துக் கொடுத்த கதையை மெஷின்காரருக்குச் சொல்லிக்கொண்டே சுற்றினேன், கை தானாக வேலை செய்தது. அனுபவம் என்றால் அதுதான் மாப்பிள்ளை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெயர்தான் எல்லாம். போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. தெருமுனையில் இருந்த டாக்டரை விட்டுவிட்டு, மிகப் பெரிய கல்லூரியில் படித்தவர் என்று சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருந்தவரிடம் இரண்டு பஸ் மாறிப் போனேன். பிடுங்கினார் பாருங்கள், என்ன நேர்த்தி, என்ன நிதானம், ஒரு சொட்டு வலி தெரியவில்லை. வலித்த பல் இன்னும் வலிக்கிறது, அது வேறு விஷயம். அதே சமயம் எங்கள் மடிப்பு மெஷின் நின்று போனபோது ஒரு இன்ஜினீயர் வந்தார், சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை மணியில் ஓட விட்டுவிட்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஏதோ ஒரு பேர் சொன்னார், புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன், இல்லவே இல்லை. அன்றிலிருந்து மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. எந்த நம்பிக்கையில் போவது?

நீங்கள் குறித்திருக்கும் மூன்றாம் இடத்துக் கல்லூரியின் பேரை இதுவரை யாருமே கேள்விப்பட்டதில்லையே என்று லேசாகச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, உண்மையிலேயே பெரிய இடம் விளம்பரம் தேடாது. நானும் அப்படித்தான், என்னை யாருக்குத் தெரியும்?

பெரியவள் முந்தாநாள் எனக்கும் போன் பண்ணினாள். தன் அம்மாவோடு இரண்டு கல்லூரிக்கும் நேரில் போய் வந்தாளாம்.

“மாமா, நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்க. மூணாவது இடம்னு சொல்றீங்களே, அங்க லேப் பூட்டிக் கிடக்கு. சாவி எங்கன்னு கேட்டா வாட்ச்மேன் ‘எதுக்கும்மா?’ன்னு திருப்பிக் கேக்குறார்.”

“அவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க பாத்தியா!” என்றேன்.

“நான் கேட்ட காலேஜ்ல பசங்க கையெல்லாம் மண்ணு மாமா. ஆத்துத் தண்ணியப் பிடிச்சுட்டு வந்து அதுல என்ன கலந்திருக்குன்னு பாக்குறாங்க. ஒரு மேடம் என்னையும் கூப்பிட்டு ஒரு குழாயக் கையில கொடுத்துட்டாங்க. மூணு மணி நேரம் போனதே தெரியல. எனக்கு அதுதான் படிக்கணும்.”

“கண்ணு, நீ பாத்தது ஒரு நாள். புத்தகம் போட்டவங்க ஒரு வருஷம் பாத்திருக்காங்க. உன் கண்ணு பெரிசா, அச்சு பெரிசா?”

“அச்சுல தப்பே வராதா மாமா?”

“நான் சேர்த்த புத்தகத்துலயா?” என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். அழுதாள் என்று தங்கச்சி பிறகு சொன்னாள். அறிவு தெளியும்போது அப்படித்தான் இருக்கும்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, “எட்டாவதோட நின்ன மனுஷன் காலேஜுக்கு நம்பர் போடுறாரு” என்றாள். பொய். ஒன்பதாவதில் பதினொரு நாள் போயிருக்கிறேன். என் பள்ளிக்கூடம் அந்த வட்டாரத்திலேயே முதலிடம். அங்கே இருந்ததும் அது ஒன்றுதான்.

வேறு யாரும் வேண்டாம், என் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே புத்தகத்தைப் பார்த்து இரண்டாம் இடத்துக் கல்லூரியில் சேர்த்து இருபது நாள் ஆகிறது. வகுப்புக்கு ஒரு வாத்தியாரும் வரவில்லை அப்பா என்று முதல் வாரம் முணுமுணுத்தான். பெரிய இடத்தில் மாணவனை நம்பி விட்டுவிடுவார்கள், பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதெல்லாம் கடைசிப் பத்தில் இருப்பவன் செய்கிற வேலை என்று விளக்கினேன். இப்போது முணுமுணுப்பதில்லை. மதியம் வரை தூங்குகிறான், தன்னம்பிக்கை வளர்ந்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு: பெரியவளை மூன்றாம் இடத்துக் கல்லூரியிலேயே சேர்க்கவும். ஆற்றுத் தண்ணீரை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். தரவரிசை எல்லோருக்கும் வாய்க்காது.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் முதுகுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் உயர்ந்த இடத்தோடும் வாழ வேண்டி முடிக்கும்,

உங்கள் மைத்துனன்,
பைண்டிங் பிரிவுத் தலைவன் (பிரிவில் ஆண்கள் பகுதி)

பின்குறிப்பு: உங்களுக்கு அலைச்சல் வேண்டாமே என்று அந்தக் கல்லூரி முகவரியையும் எழுதி அனுப்ப நினைத்து, கைக்கு எட்டியது என்று முதலாளி அறையில் இருந்த பிரதியைப் புரட்டினேன். அது பெண்கள் சேர்த்த பிரதி. அதில் ‘முதல் பத்து’ தலைப்புக்கு அடுத்த தாளில் வேறு பத்துக் கல்லூரிகளின் பேர் இருக்கிறது. பெரியவள் கேட்ட கல்லூரி அதில் ஆறாவது. நம்முடைய பத்து ‘கவனம் தேவைப்படும்’ தலைப்புக்குப் பின்னால் இருக்கிறது. பேராசிரியர் கதை சொன்ன அன்றைக்கு இரண்டு அடுக்கை இடம் மாற்றி வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. நாற்பது பிரதியிலும் ஒரே மாதிரி, அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

ஐந்து பக்கம் எழுதியாகிவிட்டது, கையெழுத்தும் நன்றாக விழுந்திருக்கிறது, கிழிக்க மனமில்லை. ஆகையால் இதைப் பெரியவளிடம் காட்ட வேண்டாம். நாளைக்கே அவள் கேட்ட இடத்தில் சேர்த்துவிடுங்கள். புத்தகத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அவள் பார்த்து வந்ததை நம்பி நீங்களாகவே மனம் மாறியதாக இருக்கட்டும். அப்பா நம்பினார் என்று அவள் நினைத்துக்கொண்டு போவது நல்லது.

என் மகன் நேற்று இரண்டாம் இடத்திலிருந்து போன் பண்ணினான். “அப்பா, இன்னைக்கு ஒரு வாத்தியார் கிளாஸுக்குள்ள வந்தாருப்பா” என்றான், அவ்வளவு சந்தோஷமாக. பக்கத்துக் கட்டடத்துக்கு வழி கேட்க வந்தவராம். அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போய்ப் பார்க்கிறேன். புத்தகம் எடுத்துப் போகவில்லை, மூக்குக் கண்ணாடி மட்டும்தான்.