என் மனைவி சாகவில்லை என்பது பற்றி மச்சானுக்கு

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மரியாதைக்குரிய மச்சான் அய்யனார் அவர்களுக்கு, கரியாலூரிலிருந்து உங்கள் தங்கை புருஷன் வீரமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். 'எல்லாரும்' என்றதில் உங்கள் தங்கை இருசம்மாளும் சேர்த்தி என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். அங்கே நீங்களும் சாலம்மாள் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மலைமேல் உள்ள எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொள்கிறேன். கரும்பு அரவை நல்லபடி நடக்கிறதா? அன்றைக்கு இங்கிருந்து மலை இறங்குகிற வழியில் பஞ்சரான டிராக்டர் டயரை மாற்றியாகிவிட்டதா?

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரே பார்க்க என் சட்டையைப் பிடித்து, "உசுரோட இருக்கிற பொண்டாட்டிய செத்துட்டான்னு சொன்ன ஆளுய்யா நீ!" என்றீர்கள். மச்சான், அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. உண்மையில் நடந்தது என்ன என்று பொறுமையாகக் கேளுங்கள்.

இருசம்மாளுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனபோது நீங்களும் கூட இருந்தீர்கள். எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் எழில்மதி கேட்டதற்கு, "வச்சிக்கங்கம்மா, எனக்கு இன்னாத்துக்கு அது?" என்று உங்கள் தங்கை சொன்னதும் ஞாபகம் இருக்கும். இப்படி நிறைய பெண்களின் கட்டியை வாங்கி வைத்து, யாருக்கு நோய் திரும்ப வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறார்கள். அதற்காக ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து சந்திரலேகா என்கிற பெண் அவ்வப்போது போன் செய்து, எப்படி இருக்கிறார்கள், செக்கப்புக்கு எப்போது வருவார்கள் என்று விசாரிக்கும். இருசம்மாள் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் இந்த வருஷம் செக்கப்புக்கு மட்டும் போகவில்லை. முதலில் கிழங்கு பிடுங்க வேண்டும் என்றாள், பிறகு திருவிழா என்றாள், பிறகு கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்றாள்.

அன்றைக்கு அவள் கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் ஊர்த் தங்கதுரையின் மினி லாரியில் கிளம்பிப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி நின்றுகொண்டு, காற்று வேறு ஊவென்று அடிக்க, பேசினேன். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன். என் தப்பு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

"ஐயா, நான் சந்திரலேகா பேசுறேன். இருசம்மாள் இருக்காங்களா?"

"இல்லீங்களே. போயிட்டாங்க."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். பிறகு, "எப்போங்க ஐயா?"

"காலையிலதான்."

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"ஆமாங்க. வண்டி வர லேட்டாயிடுச்சி. அதுக்குள்ள தவிச்சிப் போயிட்டா. கடைசியில தங்கதுரைதான் வந்து தூக்கி ஏத்துனான்."

லாரி உயரம், உங்கள் தங்கை குள்ளம். வேறு எப்படி ஏற்றுவது மச்சான்?

"பழைய வியாதிதானா ஐயா?"

"ஆமாங்க, பழைய வியாதிதான். கல்யாணம்னு கேட்டா வூட்ல நிக்கமாட்டா."

'பழைய வியாதிதான்' என்பது வரை அங்கே கேட்டிருக்கிறது. கல்யாணத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது.

"கடைசியா உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா."

அந்தப் பெண் அழுதேவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. "மனச தேத்திக்கங்க ஐயா," என்றது. "எனக்கு இன்னாங்க, நிம்மதியா இருக்கிறேன்," என்றேன். அதோடு லைன் போய்விட்டது. இந்தத் தடவையும் செக்கப்பிலிருந்து தப்பித்தோம் என்று சந்தோஷமாகப் பாறையை விட்டு இறங்கினேன்.

துக்கம் விசாரிக்க வேண்டும் என்று அந்தப் பெண், ஆபரேஷனின்போது எழுதிக்கொடுத்த உங்கள் நம்பரைக் கூப்பிடும் என்று நான் கண்டேனா? மறுநாள் மத்தியானம், கரும்பு ஏற்றுகிற டிராக்டரில் சொந்தக்காரர்களை நிரப்பிக்கொண்டு, பறை முழங்க, ஆள் உயர மாலையோடு நீங்கள் அத்தனை வளைவுகளையும் ஏறி வந்தீர்கள். அதே நேரத்தில் தங்கதுரையின் லாரியிலிருந்து தலைநிறையப் பூவும் பட்டுப்புடவையுமாக இருசம்மாள் இறங்கினாள். உங்களைப் பார்த்ததும், "இன்னாண்ணா, யாரு செத்துட்டாங்க?" என்று ஓடி வந்தாள். நீங்கள், "நீதான்மா," என்றீர்கள். ஒப்பாரி வைக்கத் தயாராக வந்த உங்கள் சின்னம்மா காசியம்மாள் இருசம்மாளின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, சுடுகிறது என்று எல்லாருக்கும் அறிவித்தாள். பிறகுதான் நீங்கள் என் சட்டைக்கு வந்தீர்கள். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல், "இனிமே உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன் மாப்ள!" என்று வண்டி ஏறிவிட்டீர்கள். மாலையை இங்கேயே விட்டுவிட்டீர்கள். ஆடு தின்றுவிட்டது.

அன்று முழுவதும் இருசம்மாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். மறுநாள் சிரிப்பு நின்றுபோனது. அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டவள், ஆபரேஷன் ஆன பக்கம் அக்குளுக்குக் கீழே சில நாட்களாக வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். கிழங்கும் திருவிழாவும் கன்றுக்குட்டியும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என் கட்டி அவங்ககிட்டதான கீது? அதப் பாத்து எதாச்சும் தெரிஞ்சிக்கினுதான் நான் செத்துட்டேன்னு சொல்றாங்களோ?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல இருசு," என்றேன்.

"அப்படின்னா நேரா போயி மூஞ்சியக் காட்டிட்டு வந்துடலாம். கிளம்புய்யா," என்றாள்.

பஸ் மாறி பஸ் ஏறிப் போனோம். ஆராய்ச்சிப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு முதலில் நுழைந்தது இருசம்மாள்தான். சந்திரலேகா டீ குடித்துக்கொண்டிருந்தது. டீ ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம், அந்தப் பெண் நாற்காலிக்குப் பின்னால். சத்தம் கேட்டு வந்த டாக்டர் எழில்மதி உங்கள் தங்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு கோபமும் வந்தது.

"மூணு நாளா மண்டையப் பிச்சிக்கிட்டு இருக்கேன் இருசம்மா! உங்க கட்டி சாதுவான கட்டி. அது எப்படி உங்களைக் கொன்னிருக்கும்? நாங்க எதையோ கவனிக்காம விட்டுட்டோம்னு நினைச்சி, மெழுகுல பதிச்சி வச்சிருந்ததை எடுத்து, மறுபடியும் சீவி, சாயம் ஏத்தி, ராத்திரி பகலா பாத்துக்கிட்டு இருக்கோம்."

அந்தச் சாயம் ஏற்றின சீவலை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். இருசம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "சாமையைக் கொட்டி வச்ச மாதிரி கீது. இந்தக் கழுதைதானா என்னை அந்தப் பாடு படுத்துனது?" என்றாள். நானும் பார்த்தேன். எனக்கு என் இமைமயிர்தான் தெரிந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பேர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு குணமாம். சிலது அவசரக்காரன், சிலது சோம்பேறி. சிலது உடம்பில் ஊறுகிற ஹார்மோனைக் குடித்து வளருமாம், சிலதுக்கு அதுவும் வேண்டாமாம். இருசம்மாளுடையது ஹார்மோன் குடிக்கிற சோம்பேறி. தினமும் போடுகிற மாத்திரை அதன் வாயை அடைக்கிறதாம்.

"இதெல்லாம் எப்படித் தெரியும்? உங்களை மாதிரி ஒவ்வொருத்தரும் பிறகு எப்படி இருக்காங்கன்னு பாத்துதான் தெரியும். நீங்க தப்பா செத்துட்டா, நாளைக்கு இதே மாதிரி கட்டியோட வர்ற பொண்ணுக்கு நான் தப்பா சொல்லிடுவேன்," என்றார்.

இருசம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படின்னா மொதல்ல என்னை உசுரோட எழுதிக்கங்கம்மா. அப்பால பேசலாம்."

எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் வலியைச் சொன்னாள். டாக்டரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. தொட்டுப் பார்த்தார், உடனே ஸ்கேனுக்கு உள்ளே அழைத்துப் போய்விட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மச்சான், நீங்கள் டிராக்டரில் மலை ஏறி வரும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பெஞ்சில்தான் எனக்குத் தெரிந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றேன். அடுப்பு, கயிற்றுக்கட்டில், மாடு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. என்னை மட்டும் அதற்குள் எங்கே உட்கார வைப்பதென்று தெரியவில்லை.

கதவு திறந்தது. முன்னால் டாக்டர், பின்னால் கொண்டையை முடிந்துகொண்டே இருசம்மாள். ஒன்றுமில்லை மச்சான்! சதைப்பிடிப்புதானாம். ஆபரேஷன் ஆன கையால் ஈரக்கிழங்கு மூட்டையைத் தூக்கியதால் வந்ததாம். "இனிமே மூட்டை தூக்குற வேலையெல்லாம் உங்க வீட்டுக்காரருக்கு," என்று டாக்டர் சொன்னார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் உங்கள் தங்கை மறந்திருப்பாள். இதை மட்டும் ஊர் வந்து சேருவதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள்.

இப்போது மூட்டை என் முதுகில். செக்கப் தேதி சுவரில் கரியால் எழுதியிருக்கிறது. ஆகையால் மச்சான், என்மேல் உள்ள கோபத்தை விட்டுவிட்டு, தங்கையிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அண்ணன் பேசவில்லையே என்று மனசுக்குள் அவள் எவ்வளவு வாடுகிறாளோ, வெளியே சொல்லமாட்டேன் என்கிறாள். சாலம்மாள் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். டிராக்டரில் வந்து பட்டினியாகத் திரும்பிய எல்லாருக்கும் என் மன்னிப்பு. நீங்கள் நூறு வயது இருந்து எங்களைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை
வீரமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது இருசம்மாள் வந்து யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "எங்கண்ணனுக்கா? நாந்தான் தெனமும் பேசிக்கினு இருக்கிறனே!" என்கிறாள். நான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தபோதே ஸ்கேன் முதல் மூட்டை வரை எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லிவிட்டாளாம். நீங்களும் வயிறு வலிக்கச் சிரித்தீர்களாம். என் போனை மட்டும் எடுக்காதது, "மாப்ள கொஞ்ச நாளு பயந்துக்கினு கெடக்கட்டும்," என்று அண்ணனும் தங்கையும் பேசிவைத்துக்கொண்டதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இங்கே வருகிறீர்களாம், எந்தச் சேவலை அடிப்பது என்பது வரை முடிவாகிவிட்டதாம். ஆகவே மேலே எழுதியிருக்கும் எதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை.