சினை ஊசி அண்ணாச்சியின் நோட்டு

அம்மா யார் என்று விசாரிக்காமல் எந்த உயிரையும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரே மனிதர் மும்பையில் சினை ஊசி அண்ணாச்சிதான்.

வீடு தாராவியில். காலையில் காளை விந்தை உறையவைத்திருக்கும் நைட்ரஜன் கேனை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, மாடுகளுக்குச் சினை ஊசி போடச் செம்பூர்ப் பக்கம் ஒரு தபேலாவுக்கு வருவார். அந்த மாட்டுக் கொட்டகையில்தான் எனக்கும் வேலை; வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மாடுகளுக்கு ஜாதகம் எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார். தாய் எத்தனை லிட்டர் கறந்தது, பாட்டி எத்தனையாவது ஊசியில் சினை பிடித்தது, கன்று தானாக விழுந்ததா, இழுத்து எடுத்தார்களா, எல்லாம் அதில் இருக்கும். முதலாளி சேட்டுக்குப் பால் மட்டும்தான் கண். அதிகம் கறக்கும் வம்சத்துக் காளையின் ஊசியையே எல்லாவற்றுக்கும் போடச் சொல்வார். அண்ணாச்சி கேனைத் திறக்கவே மாட்டார். பால் கொட்டுகிற வம்சம் சினைக்கு இழுத்தடிக்கும், முதல் கன்று ஈனப்போகும் தலையீற்றுக் கிடேரிக்குச் சின்னக் கன்று தரும் காளைதான் சரி என்று அரை மணி நேரம் பாடம் நடத்துவார். சினை நிற்காவிட்டால் சேட் பசுவைத் திட்டுவார். அப்போதுதான் அண்ணாச்சிக்கு நிஜமாகவே கோபம் வரும். பாதி காளையிடமிருந்து வருகிறதே, அதன் வம்சத்தை யார் கேட்டது என்பார்.

எனக்கு மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நாலாவது பெண் திலக் நகரில். ஊரிலிருந்து அம்மாவால் வர முடியவில்லை என்று, பெரியவராக அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கேசரி வந்தது. கூடவே நோட்டும் வெளியே வந்தது.

“ஒங்களுக்கு மொதப் பிரசவம் சொகமா நடந்துச்சாம்மா? ஒங்க அம்மாவுக்கு?” என்று பெண்ணின் தாயாரிடம் சாவதானமாகக் கேட்டார்.

பெண்ணின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இந்த இடமும் போச்சு என்று நான் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். பெண் மட்டும் அசையவில்லை.

“எங்க பக்கம் கேக்கீங்க, சரி. மாப்பிள்ள பக்கத்து ரிக்கார்டு எங்க அண்ணாச்சி? பாதி அங்கருந்துதான வருது?”

இத்தனை வருஷமாகச் சேட்டின் மண்டையில் ஏறாத விஷயம். அண்ணாச்சி அவளையே பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “எல, இந்தப் புள்ளைய விட்டுராத” என்றார். உடனே ஊரில் இருந்த என் அம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் விசாரித்தார். என்னைப் பெற அம்மா இரண்டு நாள் பட்ட பாட்டைத் திலக் நகரே கேட்டது. பெண் சிரித்துவிட்டாள். அவள் அப்பாவும் தட்டைத் திரும்ப எடுத்தார்.

கல்யாணமாகி, அவளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று அண்ணாச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். நோட்டில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

‘தலையீற்று. பெண். சுகம்.’ எழுத்தெல்லாம் கோணல். பால் என்ற கட்டம் காலி. காளை என்ற கட்டத்தில் என் பெயர்.

என் மகள் அதைக் காட்டி இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறாள். செய்யட்டும். அந்தத் தாளை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.