அப்பிளுக்குப் பதம் பார்ப்பவர்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றே முக்கால். குசினியில் அப்பிள் வெந்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரான என் கணவர், பதுளையில் ஒரு கடை வாசலில் மாரடைப்பால் விழுந்து இறந்துவிட்டார் என்பது செய்தி.

துக்கத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. கல்லூரியில் அதைச் சொல்லித்தரவில்லை. ஆளைப் பற்றி எழுதலாம். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால், அவர் எந்த இனத்தைச் சேர்ந்தவரோ அந்த இனத்தின் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். அவர் ஒரு பதம் பார்ப்பவர்.

வாசகரே, பதம் பார்ப்பவரை உங்களுக்குத் தெரியும். அவர் சமைப்பதில்லை. தோல் சீவமாட்டார், விதை எடுக்கமாட்டார், விறகு தள்ளமாட்டார், புகையில் கண் கசக்கமாட்டார். ஆனால் மற்றவர்கள் இவை எல்லாவற்றையும் செய்து முடித்து, வியர்வையைத் துடைத்து, சட்டியை இறக்கத் துணி தேடும் அந்த ஒரு நிமிஷத்தில், எங்கிருந்தோ வந்து குசினி வாசலில் நின்று, வலது கையை உயர்த்தி, “பொறுங்கோ” என்பார். அவ்வளவுதான். சட்டி நிற்கும். வீடும் நிற்கும்.

இந்த இனம் குசினியில் மட்டும் வாழ்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலில் பொங்கல் இறக்கும்போது “இன்னும் கொஞ்சம் நெய்” என்று ஒரு குரல் வருகிறதல்லவா? நெய் கொண்டுவந்தவரின் குரலா அது? சம்பந்தம் பேசி, நாள் குறித்து, கடிதத்தை ஒட்டப்போகும்போது “எதற்கும் இன்னும் ஒருக்கா யோசியுங்கோ” என்கிறாரே ஒரு சித்தப்பா, அவர் யார்? அப்புத்தளை ஸ்டேஷனில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கார்ட் கொடி அசைத்து ரயில் நகர்ந்ததும், “இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்” என்று தலையை ஆட்டுவார். அவருக்குப் பயணமே இல்லை.

எங்கள் வீட்டுப் பதம் பார்ப்பவருக்கு வாய்த்தது அப்பிள். முன்னொரு காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் நட்டுவிட்டுப் போன மரம் எங்கள் குவாட்டர்ஸின் பின்புறம் நிற்கிறது. ஐப்பசி மழைக்குச் சற்று முன்னே காய்க்கும். சீமையில் அதற்கு இலையுதிர் காலம் என்று பெயராம். நமுனுகுலைப் பக்கத்தில் இலை உதிர்வது தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது மட்டும்தான். ஆனாலும் மரத்துக்குப் பழைய ஞாபகம். பச்சையாய், கைப்பிடிக்குள் அடங்குவதாய், மகா புளிப்பாய் ஒரு கூடை பழம் தரும். குரங்குகூட ஒரு கடி கடித்துவிட்டு மரத்தை முறைத்துப் பார்க்கும். அவித்து, மசித்து, சீனி போட்டு சோஸ் ஆக்கினால்தான் வாயில் வைக்கலாம்.

பின்னால் வந்த ஸ்கொட்லாந்துத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாவில் நடந்த பிரிவு உபசாரத்தில் என் கணவர் அந்த அப்பிள் சோஸைச் சாப்பிட்டார். எவ்வளவு? ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு கரண்டியின் பலத்தில்தான் பிறகு மூன்று வருஷம் ஆட்சி நடத்தினார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தேயிலைத் தொழிற்சாலையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, துப்பி, நல்லது கெட்டது சொல்லும் உரிமை டீ மேக்கருக்கு மட்டும் உண்டு. கிளாக்கருக்கு அங்கே கரண்டி கிடையாது. பகல் முழுவதும் மற்றவர்களின் தீர்ப்பைப் பிரதி எடுக்கிற மனிதர் வீட்டுக்கு வந்து சொந்தமாக ஒரு தீர்ப்புச் சொல்ல ஆசைப்பட்டால், அது குற்றமா?

தீர்ப்புச் சொல்லும் விதத்தைக் கேளுங்கள். கரண்டி அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும். துடைத்த கரண்டியை மறுபடி துடைப்பார். ஒரு சொட்டு எடுப்பார். மூன்று தரம் ஊதுவார். நாக்கில் வைத்து, கூரைத் தகரத்தைப் பார்த்து, கண்ணை மூடுவார். நானும், தொழிலாளர் லயத்திலிருந்து எங்கள் குசினிக்கு வந்து உதவும் வேலாயியும், சட்டிக்குள் கொதிக்கிற அப்பிளும் காத்திருப்போம். கண் திறக்கும்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் என்ன? தீயா, தண்ணீரா, நேரமா? அதை மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் பிறகு பதம் பார்க்க என்ன இருக்கிறது?

பதம் பார்ப்பதற்கு முன் சீனி போடக்கூடாது, அதுதான் சட்டம். சட்டியை இறக்கியும் வைக்கக்கூடாது. இறக்கினால் பதம் ஓடிப்போய்விடுமாம். அவரோ ஒப்பீசிலிருந்து நேரத்துக்கு வருகிறவர் இல்லை. அதனால் மூன்று வருஷமாக எங்கள் சோஸ் அடிப்பிடித்தது.

“ஐயா, கருகுன வாசம் வருதுங்க,” என்பாள் வேலாயி.

“அது கருகல் இல்லை, வேலாயி. ஸ்கொட்லாந்தில அப்பிடித்தான் செய்யிறவை. புகை மணம் கொஞ்சம் இருக்கோணும்.”

“அந்த ஊர்லயும் ஒரு கிளாக்கரய்யா இருக்காரு போலங்க.”

அவர் சிரிக்கமாட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த வருஷம் வேலாயி முன்கூட்டியே சபதம் எடுத்துவிட்டாள். மரம் என்றுமில்லாதபடி காய்த்திருந்தது. எட்டுப் போத்தல் நிரம்பும். ஒன்று அவளுடைய மகள் பூவம்மாவுக்கு. பூவம்மா மாசமாக இருக்கிறாள். புளிப்பும் இனிப்புமாய் ஏதாவது தின்ன நாக்கு தவிக்கிறது.

“ஒரு தடவையாவது கருகாம எறக்கிக் காட்டுறேன் பாருங்கம்மா. எம் புள்ளைக்குக் கரிய குடுக்கமாட்டேன். வெந்த ஒடனே சீனிய கொட்டிருவேன். ஐயா வந்து என்னா வேணா சொல்லட்டும்.”

இது அவர் காதில் விழுந்தது. போத்தல் வாங்கப் பதுளைக்குப் புறப்பட்டவர், குடையைக் கையில் எடுத்துக்கொண்டு குசினி வாசல்வரை வந்தார்.

“இஞ்சாரும், நான் வரும்வரைக்கும் சீனி போடாதையும். வேலாயியை நம்பேலாது.”

“நீங்கள் எத்தினை மணிக்கு வருவியள்?”

“மூண்டு மணி பஸ்ஸுக்கு நிப்பன்.”

“நிப்பன் எண்டால், பதுளையிலயோ, இஞ்சையோ?”

குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். பதம் பார்ப்பவரிடம் நேரம் கேட்கக்கூடாது.

மூன்றரைக்கு அப்பிள் மெழுகாய் வெந்துவிட்டது. வேலாயி கிண்டினாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கிண்டினாள். மூன்றே முக்காலுக்குச் சீனிப் பேணியைக் கையில் எடுத்தாள். நான் தடுக்கவில்லை, உண்மையைச் சொன்னால், கண்ணால் சம்மதம் சொல்லிவிட்டேன். அந்த நேரம் சின்னக் கிளாக்கர் தர்மராசா ஒப்பீசிலிருந்து ஓடிவந்து, அதே வாசலில், என் கணவர் நிற்கிற அதே இடத்தில் நின்றார்.

“அக்கா... பதுளையிலயிருந்து போன் வந்தது.”

வேலாயி பேணியை அப்படியே கீழே வைத்தாள். தர்மராசா சொல்லி முடித்ததும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. மூன்று வருஷத்தில் முதல் முறையாக எங்கள் அப்பிள் அடிப்பிடிக்காமல் நின்றது.

மறுநாள் போத்தல் கடை முதலாளி, காசு வேண்டாம் என்று சொல்லி, எட்டுப் போத்தலையும் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் என் கணவர் என்ன பேசினார் என்று கேட்டேன். முதலாளி ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகிக் காட்டினார்.

“ஒவ்வொரு மூடியா திருகித் திருகிப் பாத்தாருங்கம்மா. ‘இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கோணும்’னாரு. அதுக்கப்புறம் பேசலைங்க.”

இன்னும் கொஞ்சம். என்ன என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறார்.

காரியங்கள் நடந்தன. மூன்றாம் நாள் அடுப்பு மூட்டினோம். மலைக்குளிருக்கும் அதன் சொந்தப் புளிப்புக்கும் அப்பிள் கெடவில்லை. வேலாயி சட்டியைச் சுடவைத்து, பேணியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அம்மா, சீனி போட்டுரவா?”

பதுளையிலிருந்து வந்திருந்த அவருடைய சட்டையின் பையிலிருந்து கரண்டியை எடுத்தேன். துடைத்திருந்ததைத் துடைத்தேன். ஒரு சொட்டு எடுத்து ஊதினேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. கூரைத் தகரத்தைப் பார்த்தேன். பிறகு என் வாய் சொன்னதை நானே கேட்டேன்:

“இன்னும் கொஞ்சம் பொறு, வேலாயி.”

அவள் பேணியைக் கீழே வைத்தாள்.

“ஐயா போயிட்டாரு. கரண்டிய மட்டும் நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டாருங்க,” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

ஆகவே, வாசகரே, எச்சரிக்கை. இந்த இனத்துக்குக் கொம்பு முளைப்பதில்லை. ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். இதுவரை படித்து, “எங்கள் மாமாவைப் போலவே இருக்கிறாரே” என்று சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் படிக்கும்போது நடுவில் எங்காவது, “இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்” என்று உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால் உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். யாராவது ஒருவர் உங்களுக்காகச் சட்டியைக் கிண்டிக்கொண்டே நிற்கிறாரா என்றும் எட்டிப் பாருங்கள்.

இன்று ஆறாம் நாள். வேலாயி தினமும் காலையில் சட்டியைக் கொதிக்கவைத்து, தினமும் கேட்கிறாள். பூவம்மா இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டாள். போத்தல்கள் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கின்றன. சீனி இன்னும் பேணியில்தான் இருக்கிறது.